பக்கத்து பெஞ்சும் பிடித்த பாட்டும்

1954ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு வேறு கல்லூரிகளிலிருந்து மாறி வந்த 17 மாணவர்களுக்கு ஒரு வீடு கிடைத்தது. ஒரு பருவம் முழுக்க வாடகை கிடையாது. அதற்கு ஈடாக, வாரந்தோறும் சில மணி நேரம் உட்கார்ந்து தியோடர் நியூகோம் என்ற சமூக உளவியலாளர் தரும் கேள்வித்தாள்களுக்குப் பதில் எழுத வேண்டும். எதைப் பற்றி என்ன நினைக்கிறாய், இந்த வீட்டில் இருப்பவர்களில் யாரை எவ்வளவு பிடிக்கிறது, இந்த மாதிரிக் கேள்விகள். அந்த 17 பேரில் எவருக்கும் மற்றவரை முன்பின் தெரியாது. ஆனால் அவர்கள் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கும் முன்பே ஒவ்வொருவருடைய கருத்துகளையும் நியூகோம் தபாலில் கேட்டு வாங்கி வைத்திருந்தார். யாருடைய எண்ணம் யாரோடு ஒத்துப்போகிறது என்பது அவர் கையில் காகிதமாக இருந்தது. மறு ஆண்டு வேறு 17 பேரை வைத்து இதையே திரும்பச் செய்தார்.

முதல் சில வாரங்களில் அந்தக் காகிதத்தால் எதையும் கணிக்க முடியவில்லை. ஒரே எண்ணம் கொண்ட இருவர் ஒருவரை ஒருவர் கண்டுகொள்ளாமல் இருந்தார்கள். யார் பக்கத்தில் இருந்தாரோ அவரோடு பழக்கம் வந்தது. பருவம் முடியும் தறுவாயில் நிலைமை மாறியிருந்தது. ஒருவரை ஒருவர் அறியும் முன்பே ஒத்த கருத்துடையவர்களாக இருந்தவர்கள், தாமதமாகத்தான் என்றாலும், ஒருவரை ஒருவர் தேடிச் சேர்ந்திருந்தார்கள்.

நட்புக்கு இப்படி இரண்டு பருவங்கள் உண்டு. முதலில் அருகாமை, பிறகு ஒத்த ரசனை. இரண்டுக்கும் நடுவே சில மாதங்கள் ஓடிவிடுகின்றன. அந்த மாதங்களைப் பற்றி நம் கல்லூரிகளில் முதலாண்டுப் பிள்ளைகளிடம் யாரும் சொல்வதில்லை. பள்ளியில் சதுரங்கத்திலோ, பறவை நோக்கலிலோ, பழைய திரைப்பாடல்களிலோ ஊறித் திளைத்த ஒரு பெண் கல்லூரிக்கு வருகிறாள். மூன்று வாரம் சுற்றிப் பார்க்கிறாள். தன்னைப் போல ஒருவரும் கண்ணில் படவில்லை. "இந்தக் காலேஜ்ல என் செட் ஆளே இல்லம்மா" என்று இரவில் வீட்டுக்குப் போன் செய்து அழுகிறாள். அவள் செட் ஆள் இரண்டு வகுப்பறை தள்ளி உட்கார்ந்திருக்கலாம். மூன்று வாரத்தில் தெரியவராததுதான் இயல்பு என்பதைத்தான் நியூகோமின் வீடு காட்டுகிறது.

அருகாமையின் வலிமையை அளந்து காட்டியதும் ஒரு மாணவர் குடியிருப்பில்தான். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பி அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் படிக்க வந்த, திருமணமான மாணவர்களுக்காக வெஸ்ட்கேட் வெஸ்ட் என்ற குடியிருப்பு இருந்தது. எல்லாம் இரண்டு மாடிக் கட்டடங்கள், மாடிக்கு ஐந்து வீடுகள். காலியான வீட்டில் அடுத்து வந்தவர் குடியேறினார். பக்கத்து வீட்டுக்காரரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு கிடையாது. லியோன் ஃபெஸ்டிங்கர், ஸ்டான்லி ஷாக்டர், குர்ட் பேக் ஆகியோர் அங்கே யார் யாருக்கு நண்பர் என்று கேட்டு 1950இல் புத்தகமாக வெளியிட்டார்கள். ஒரே மாடியில் அடுத்த வீட்டுக்காரரை நண்பராகச் சொன்னவர்கள் 41 சதவீதம். ஒரு வீடு தள்ளியவர் என்றால் 22, இரண்டு வீடு தள்ளினால் 16, மாடியின் இரு கோடிகளில் இருந்தவர்கள் என்றால் 10 சதவீதம். கோடிக்குக் கோடி தூரம் நடந்தால் ஒரு நிமிடம்கூட ஆகாது. மாடிப்படியை ஒட்டிய கீழ்வீட்டுக்காரர்களுக்கு மேல்மாடி நண்பர்கள் கூடுதலாக இருந்தார்கள் என்பதையும் அவர்கள் கவனித்தார்கள். படியேறுகிறவர் எல்லாரும் அவர்கள் வாசலைத் தாண்டித்தானே போக வேண்டும்!

நம்மூரில் இதற்குச் சமமான ஒன்று ரோல் நம்பர். அறிவியல், பொறியியல் கல்லூரிகளில் லேப் பேட்ச் பிரிப்பது எண் வரிசைப்படி. எண் வரிசையோ பல இடங்களில் பெயரின் அகர வரிசைப்படி. அதனால்தான் கார்த்திக்கும் கவியரசனும் மூன்றாண்டு ஒரே மேசையில் டைட்ரேஷன் செய்து, ரெக்கார்டு நோட்டை மாற்றி மாற்றி எழுதி, கல்யாணத்துக்கு மாலை எடுத்துக் கொடுக்கும் அளவுக்கு நெருங்கிவிடுகிறார்கள். இதையும் ஒருவர் ஆராய்ந்திருக்கிறார். மேடி சீகல் 1974இல் வெளியிட்ட ஆய்வில், மேரிலாண்ட் மாநிலக் காவல் பயிற்சிப் பள்ளியில் குடும்பப் பெயரின் அகர வரிசைப்படி இடமும் அறையும் ஒதுக்கப்பட்டவர்களிடம், உன் நண்பர்கள் யார் என்று கேட்டார். அவர்கள் சொன்ன பெயர்கள் பெரும்பாலும் தம் பெயருக்கு அகர வரிசையில் பக்கத்தில் இருந்தவை.

ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் நடந்தது இன்னும் வியப்பானது. உளவியல் முதலாண்டு மாணவர்கள் 54 பேர், அறிமுகக் கூட்டத்துக்கு வந்தபோது சீட்டுக் குலுக்கியது போல் இருக்கைகள் தரப்பட்டன. அன்று ஒரு நாள் மட்டும்தான். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, அன்று அடுத்தடுத்து உட்கார்ந்தவர்களிடையே நட்பு மற்றவர்களைவிட ஆழமாக இருந்தது. 2008இல் வெளியான இந்த ஆய்வைப் படித்த பிறகு, முதல் நாள் வகுப்பில் யாருமில்லாத கடைசி பெஞ்சைத் தேடிப் போகாதே என்று எனக்குத் தெரிந்த பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அருகில் இருப்பது ஏன் பிடித்துப்போகிறது? திரும்பத் திரும்பக் கண்ணில் படும் எதையும், தீங்கு செய்யாத வரை, மனம் மெல்ல விரும்பத் தொடங்குகிறது என்று 1968இல் ராபர்ட் சயான்ஸ் காட்டினார். பொருளற்ற சொற்கள், புரியாத எழுத்துகள், மனித முகங்கள் என எதை வைத்துச் சோதித்தாலும் இதுவே விடை. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மோர்லண்டும் பீச்சும் இதை வகுப்பறைக்குள் கொண்டுபோனார்கள். தோற்றத்தில் ஏறத்தாழ ஒன்றுபோல் இருந்த நான்கு பெண்கள். ஒருவர் வகுப்புக்கு வரவே இல்லை. மற்றவர்கள் முறையே 5, 10, 15 முறை வந்து, யாரிடமும் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். பருவ முடிவில் படங்களைக் காட்டிக் கேட்டபோது, அதிக முறை வந்தவரையே மாணவர்களுக்கு அதிகம் பிடித்திருந்தது. ஒரு வார்த்தைகூடப் பேசாதவர் அவர். முன்பின் தெரியாத முகத்தின் முன் உடம்பு சற்று விறைப்பாகவே இருக்கும். பலமுறை பார்த்த முகம் என்றால் அந்த விறைப்பு தளரும். பேச்சு தொடங்குவது அதற்குப் பிறகுதான்.

அருகாமைக்கு மறுமுகமும் உண்டு. கலிபோர்னியாவின் ஒரு குடியிருப்பில் எபசனும் அவருடைய சகாக்களும் செய்து 1976இல் வெளியிட்ட ஆய்வில், பிடிக்காதவர்களாகச் சொல்லப்பட்டவர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களாகவே இருந்தார்கள். ஹாஸ்டல் அறையில் விளக்கை எப்போது அணைப்பது என்பதில் தொடங்கி ஒரு வருடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது. அருகாமை ஒருவரை நம் வாழ்க்கைக்குள் கொண்டுவந்து விடுகிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் ஒத்த ரசனைக்கு வேலையே இல்லையா? டார்ட்மத் கல்லூரியில் மார்மரோஸ், சாசர்டோட் என்ற இருவர், மாணவர்கள் தமக்குள் எத்தனை மின்னஞ்சல்கள் அனுப்பிக்கொண்டார்கள் என்ற எண்ணிக்கையை வைத்து நட்பை அளந்தார்கள். 2006இல் வெளியான அந்த ஆய்வின்படி, யாரோடு யார் பழகுகிறார்கள் என்பதை முடிவு செய்வதில் முதலாண்டில் குடியிருக்கும் இடமும் இனமுமே முன்னால் நின்றன. பொதுவான ஆர்வங்கள், எடுத்துப் படிக்கும் பாடம், குடும்பப் பின்னணி எல்லாம் அவற்றுக்குப் பின்னால்தான்.

நேரில் பாராமலே உயிர் நட்புக் கொண்ட பிசிராந்தையாரையும் கோப்பெருஞ்சோழனையும் பள்ளியிலேயே படித்தவர்கள் நாம். ஒத்த உணர்ச்சி இருந்தால் பழகக்கூட வேண்டியதில்லை என்ற எண்ணம் நமக்குள் ஊறியிருக்கிறது. அந்த நட்பைப் புலவர்கள் வியந்து பாடினார்கள் என்றால், அது அன்றைக்கே அரிதானது என்பதால்தான். முதலாண்டு மாணவர் அதைத் தனக்கு இலக்கணமாக வைத்துக்கொண்டால் காத்திருந்து சோர்ந்துபோவார்.

ஆனாலும் ஒத்த உணர்ச்சி என்பது கற்பனை அன்று. அதை இப்போது மூளைக்குள்ளேயே பார்க்க முடிகிறது. 2018இல் வெளியான ஆய்வில் கரோலின் பார்கின்சனும் உடன் ஆய்வாளர்களும் 279 முதுநிலை மாணவர்கள் கொண்ட ஒரு வகுப்பில் யார் யாருக்கு நண்பர் என்று வரைபடம் போட்டார்கள். அவர்களில் 42 பேரை, மூளையின் இயக்கத்தைப் பதிவு செய்யும் எஃப்.எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து, வகைவகையான காணொளித் துண்டுகளைக் காட்டினார்கள். நண்பர்களின் மூளைகள் அந்தக் காட்சிகளுக்குக் காட்டிய எதிர்வினை ஒரே மாதிரி ஏறி இறங்கியது. நண்பரின் நண்பர் என்றால் ஒற்றுமை குறைந்தது. இன்னும் விலகியவர் என்றால் மேலும் குறைந்தது. எதில் கவனம் குவிகிறது, எது சலிப்பூட்டுகிறது என்பதெல்லாம் இந்த ஏற்ற இறக்கத்தில் தெரியும்.

பழகிப் பழகி மூளை ஒத்துப்போனதா, ஒத்த மூளைகள் பழகிக்கொண்டனவா என்ற கேள்வி அப்போது விடையின்றி நின்றது. 2025இல் வெளியான தொடர் ஆய்வு அதை எடுத்துக்கொண்டது. இம்முறை மாணவர்கள் ஒருவரை ஒருவர் சந்திக்கும் முன்பே அவர்கள் மூளைகள் பதிவு செய்யப்பட்டன. பிறகு இரண்டாம் மாதத்திலும் எட்டாம் மாதத்திலும் நட்பு வரைபடம் போடப்பட்டது. இரண்டாம் மாத நட்புகளில் மூளை ஒற்றுமையின் தடயம் துலங்கவில்லை. எட்டாம் மாதத்தில் துலங்கியது. இடையில் நெருங்கி வந்தவர்கள், சந்திக்கும் முன்பே ஒரே மாதிரி உலகைப் பார்த்தவர்கள். எழுபது ஆண்டு முன்பு நியூகோம் கேள்வித்தாளில் கண்டதையே இந்தக் கருவியும் கண்டது. இதை அறிந்தபோது எனக்கு உண்மையில் சிலிர்த்தது.

ஆக, ரசனை ஒத்தவர்களைக் கல்லூரியில் கண்டடைய விரும்புகிறவருக்கு வழி ஓரளவு தெளிகிறது. ரசனையால் மட்டும் ஆளைக் கொண்டுவந்து சேர்க்க முடியாது. அருகாமையோ ரசனை பார்த்து ஆளைத் தருவதில்லை. இரண்டையும் ஒரே இடத்தில் கூட்ட வேண்டும். எது பிடிக்குமோ அது வாரந்தோறும் நடக்கும் இடத்துக்குப் போய், அதே முகங்களை வாரந்தோறும் பார்க்க வேண்டும். சுழல் சொல்லரங்கம், வினாடி வினாக் குழு, தொலைநோக்கி வைத்திருக்கும் இயற்பியல் மன்றம், மாலையில் கைப்பந்து ஆடும் கூட்டம், எதுவானாலும் சரி. ஒரு முறை நடந்து முடியும் கலைவிழாவுக்கு இந்தப் பலன் கிடையாது. அன்று நூறு பேரைப் பார்க்கலாம். மறுநாள் ஒருவரும் நினைவில் இருக்க மாட்டார்கள்.

எவ்வளவு நேரம் தேவைப்படும்? கான்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் இதைக் கணக்கிட முயன்றார். ஊர் மாறி வந்த 355 பெரியவர்களையும், புதிதாகக் கல்லூரியில் சேர்ந்த 112 மாணவர்களையும் கேட்டு அவர் சொன்ன கணக்கு: அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரம். நண்பர் என்று உரிமையோடு சொல்ல ஏறத்தாழ 90. நெருங்கிய நண்பராக 200க்கு மேல். தோராயமான எண்கள்தாம் இவை. ஆனாலும் நாள் கணக்கில் யோசிக்கும் நம்மை மணிக்கணக்கில் யோசிக்கவைக்கின்றன. இன்னொன்றையும் ஹால் கவனித்தார். ஒரே வகுப்பிலோ ஒரே வேலையிலோ கட்டாயத்தால் சேர்ந்திருக்கும் நேரம் அவ்வளவாகக் கணக்கில் சேரவில்லை. வேலையில்லாமல் சேர்ந்திருந்த நேரம் சேர்ந்தது. வானிலை, பரீட்சைத் தேதி போன்ற மேலோட்டப் பேச்சு நெருக்கத்தைக் கூட்டவில்லை. கிண்டல், சிரிப்பு, நேற்று என்ன ஆனது என்ற விசாரிப்பு, மனம் விட்டுப் பேசுவது ஆகியவை கூட்டின. மன்றக் கூட்டம் முடிந்த பின் கேன்டீனில் டீயோடு கழியும் அரை மணி, கூட்டத்தைவிடப் பெறுமதியானது.

இந்தக் கணக்கோடு நாட்டு நலப்பணித் திட்டத்தை வைத்துப் பாருங்கள். 1969இல் தொடங்கிய அதில் சேரும் மாணவர் ஆண்டுக்கு 120 மணி வீதம் இரண்டாண்டில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். தவிர ஒரு கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பாய் விரித்துப் படுத்து, பெரிய அண்டாவில் சாம்பார் வைத்து, பகலில் குளக்கரையில் கருவேல முள் வெட்டி, இரவில் பாட்டும் கூத்துமாக இருக்கும் அந்த ஏழு நாளில் மட்டுமே விழித்திருக்கும் நேரம் 100 மணியைத் தாண்டிவிடும். முகாமுக்குப் போய் வந்தவர்கள் ஏன் பல்லாண்டு கழித்தும் அந்தக் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பது இதிலேயே விளங்கும்.

எந்த ஆர்வம் என்பதிலும் சற்று வேறுபாடு உண்டு. இங்கிலாந்தில் பெரியவர்களுக்கான மாலை வகுப்புகளை ஏழு மாதம் பின்தொடர்ந்தது ராபின் டன்பாரின் குழு. பாட்டு வகுப்பில் சேர்ந்தவர்கள் முதல் மாதத்திலேயே ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டார்கள். கைவினை வகுப்பிலும் எழுத்து வகுப்பிலும் இருந்தவர்களுக்கு நாளாயிற்று. ஏழாம் மாதத்தில் எல்லா வகுப்பினரும் ஏறத்தாழ ஒரே நெருக்கத்துக்கு வந்திருந்தார்கள். பறை அடிக்கவும், கும்மி கொட்டவும், கூட்டாகப் பாடவும் தெரிந்தவர்களுக்கு இது அனுபவத்தில் தெரியும். தாளத்தில் பல உடம்புகள் ஒன்றாக அசையும்போது பேச்சு இல்லாமலே கூச்சம் விலகிவிடுகிறது. கூச்ச சுபாவம் உள்ளவர்கள் பட்டிமன்றக் குழுவைவிடப் பாட்டுக் குழுவில் தொடங்குவது எளிது என்றே நான் நினைக்கிறேன்.

கூச்சத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நல்ல பிள்ளைகள் பலரைத் தனியாக்குவது அதுதான். புதியவர் ஒருவரோடு பேசி முடித்தபின், "நான் உளறிவிட்டேன், என்னை அவருக்குப் பிடித்திருக்காது" என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள் என்று எரிகா பூத்பியும் உடன் ஆய்வாளர்களும் 2018இல் காட்டினார்கள். எதிராளியைக் கேட்டால் அவருக்கு இவரைப் பிடித்திருக்கிறது. தம்மைப் பற்றியும் அவர் அதே பயத்தோடு இருக்கிறார். யேல் பல்கலைக்கழகத்தில் ஒன்றாகத் தங்கிய முதலாண்டு மாணவர்களிடையே இந்தத் தப்புக்கணக்கு மாதக்கணக்கில் நீடித்தது. தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கிலம் புழங்கும் கல்லூரிக்கு வரும் ஒருவர், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறுகிறவராகவும் இருந்தால், இந்தப் பயம் அவருக்கு எவ்வளவு பெரிதாக இருக்கும்! இரண்டாம் முறை போய்ப் பேசுவதைத்தான் அது தடுக்கிறது.

ஒத்தவர்களைத் தேடுவதிலும் ஓர் இழப்பு இருக்கிறது. கான்சஸின் பெரிய பல்கலைக்கழகத்தில் நண்பர்களாக இருந்த இணைகளை, அதே மாநிலத்தின் சிறிய ஊரகக் கல்லூரிகளில் இருந்த இணைகளோடு ஆஞ்சலா பான்ஸும் குழுவும் ஒப்பிட்டார்கள். 25,000 பேர் படிக்கும் இடத்தில் நண்பர்கள் கருத்திலும் பழக்கத்திலும் கூடுதலாக ஒத்திருந்தார்கள். சிறிய கல்லூரியில் வேற்றுமை அதிகம். ஆனால் நெருக்கம் அங்கேதான் கூடுதலாக இருந்தது. பெரிய இடத்தில் தேர்ந்தெடுக்க ஆள் அதிகம் என்பதால், தன்னையே ஒத்தவரைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

நம் கல்லூரி மதிய உணவு வேளையைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு இது வலிக்கும். ஒரே ஊர், ஒரே பள்ளி, ஒரே பாடமொழி, சில இடங்களில் ஒரே சாதி என்று வட்டங்கள் விழுந்துவிடுகின்றன. அந்த வட்டங்களைக் கலைக்க ஆர்வம் ஒன்றால் முடியும் என்பதற்கு இந்தியாவிலிருந்தே சான்று இருக்கிறது. மேட் லோ என்ற பொருளியலாளர் உத்தரப் பிரதேசத்தில் 1,261 இளைஞர்களைச் சேர்த்த ஓர் ஆய்வில் கிரிக்கெட் போட்டித் தொடர்கள் நடத்தினார். யார் எந்த அணி என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. பிற சாதியினரோடு ஒரே அணியில் ஆடியவர்களுக்குச் சாதி தாண்டிய நண்பர்கள் கூடினார்கள். பிற சாதியினரை எதிரணியில் அதிகம் சந்தித்தவர்களுக்கு நேர்மாறாக, அந்த நட்பு குறையும் போக்கே தெரிந்தது. விளையாட்டு ஒன்றுதான், மட்டையும் பந்தும் ஒன்றுதான். ஆகவே துறைவாரியாக, விடுதிவாரியாக அணி பிரித்து மோதவிடும் வழக்கத்தைக் கல்லூரிகள் மறுபரிசீலனை செய்ய வேண்டும். குலுக்கலில் அணி பிரிப்பதற்குச் செலவு எதுவும் இல்லை.

செய்ய வேண்டிய இன்னொன்று நேரத்தைப் பற்றியது. நம் கல்லூரிகளில் மன்றக் கூட்டங்கள் பெரும்பாலும் வகுப்பு முடிந்த பிறகு வைக்கப்படுகின்றன. அப்போது கல்லூரிப் பேருந்து கிளம்பிவிடும். ஊர்ப் பேருந்தைத் தவறவிட்டால் அடுத்தது இருட்டிய பிறகுதான் என்ற நிலையில் இருக்கும் பெண்களும், மாலையில் கடையில் வேலைக்குப் போகும் பையன்களும் ஒரு மன்றத்திலும் கால் வைக்காமலே பட்டம் வாங்கிப் போகிறார்கள். ஹாஸ்டலில் இருப்பவருக்கு அருகாமை தானாகக் கிடைத்துவிடுகிறது. டே ஸ்காலருக்கு அதைக் கால அட்டவணைதான் தர முடியும். ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள், அதாவது 15 வாரம். வாரத்தில் இரண்டு பாடவேளையைப் பகலிலேயே மன்றங்களுக்கு ஒதுக்கி, துறை பாராமல் ஆர்வப்படி மாணவர்களைச் சேர்த்து, மூன்றாண்டும் அதே குழுவில் தொடரவிட்டால் ஆறு பருவத்தில் 180 பாடவேளை. முதலாண்டு முடியும்போதே 60. கேன்டீன் டீயையும் சேர்த்தால் ஹாலின் முதல் 50 மணி நேரம் அந்த ஆண்டுக்குள்ளேயே நிறைந்துவிடும், நாலரை மணிப் பேருந்தைப் பிடிக்க ஓடும் பெண்ணுக்கும்கூட.